போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகிறீர்களா? ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்

போலீஸ் ஸ்டேஷன் படியை மிதிக்காமலே வாழ்ந்துவிட வேண்டும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் வண்டி திருடு போகும், பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கேட்கப் போனவரை அடிப்பார், ஓ.டி.பி. கேட்டு எவனோ சேமிப்பை வழித்து எடுத்துவிடுவான். அன்றைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அப்படிப் போகிறவர்களில் நிறையப் பேர் நடந்ததை வாயால் சொல்லிவிட்டு, "பாத்துக்கிறோம், போங்க" என்ற பதிலோடு வெறுங்கையாகத் திரும்புகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அவர்கள் வந்து போனதற்கே அங்கே பதிவு இருக்காது. சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிற உரிமைகள் நடைமுறையில் தேதி போட்ட ஒரு காகிதத்தில் இருந்துதான் தொடங்குகின்றன. அந்தக் காகிதத்தை எப்படி எழுதுவது, எதைக் கேட்டு வாங்குவது, தரமாட்டேன் என்றால் அடுத்து எங்கே போவது என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. சுருக்கமாக பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ். என்பார்கள். பழைய பிரிவு எண்களைப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "உங்கள் உரிமைகள்" பட்டியல்களை நம்பிக்கொண்டு போகாதீர்கள், எண்கள் மாறிவிட்டன. கீழே நான் சொல்கிற எண்கள் எல்லாம் புதிய பி.என்.எஸ்.எஸ். எண்கள், வேறு சட்டம் என்றால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

புகாரை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்

ஸ்டேஷனில் உட்கார்ந்து பதற்றத்தோடு எழுதினால் பாதி விட்டுப்போகும். தமிழில் எழுதினால் போதும். சட்டப் பிரிவு எதையும் நீங்கள் குறிப்பிட வேண்டியதில்லை, அதைப் போடுவது அவர்கள் வேலை. தப்பான பிரிவைப் போட்டுச் சிக்கலாக்குவதைவிட நடந்ததை நடந்தபடி எழுதுவது மேல். யார், என்ன, எங்கே, எப்போது, பார்த்தவர்கள் யார், எவ்வளவு இழப்பு. "என் வண்டியை மர்ம நபர்கள் திருடிச் சென்றுவிட்டார்கள், தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று இரண்டு வரியில் முடித்தால் அதை வைத்து யாராலும் எதையும் தேட முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"09.02.2025 ஞாயிறு காலை சுமார் 7.30 மணிக்கு உழவர் சந்தை வடக்கு வாசலில் என் வண்டியை நிறுத்தி, ஹேண்டில் லாக் போட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போனேன். 8.10 மணிக்குத் திரும்பி வந்தபோது வண்டி இல்லை. அக்கம்பக்கம் தேடினேன், வாசலில் தேங்காய் விற்பவரிடம் விசாரித்தேன், அவர் கவனிக்கவில்லை என்றார். எதிரில் உள்ள மருந்துக் கடையில் கேமரா இருக்கிறது. வண்டியின் பதிவு எண், இன்ஜின் எண், சேசிஸ் எண் கீழே கொடுத்துள்ளேன். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களை இணைத்துள்ளேன்."

அந்தக் கேமரா வரி முக்கியம். பல கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும், நாள் தள்ளிப்போனால் கிடைக்காது. புகார் கொடுக்கத் தாமதமாகியிருந்தால் ஏன் தாமதம் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஊரில் இல்லை, பயந்துபோய் இருந்தேன், எதுவானாலும் உண்மையான காரணத்தை எழுதுங்கள். பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்தத் தாமதத்தைத்தான். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதீர்கள். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதுங்கள்.

மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள, இன்னொன்று வீட்டில் இருக்க. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அதை எழுத்தில் எடுத்து, படித்துக் காட்டி, அதற்குப் பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கவேண்டும். அது சட்டத்திலேயே இருக்கிறது. படித்துக் காட்டாமல் கைநாட்டு கேட்டால், "ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க சார்" என்று தயங்காமல் கேளுங்கள்.

அடிதடி என்றால் முதலில் ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள் என்று டாக்டர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார், அதைத்தான் ஏ.ஆர். காப்பி என்பார்கள். அங்கே "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பிறகு ஸ்டேஷனில் "கட்டையால் அடித்தார்" என்றால் வழக்கு அங்கேயே நொண்டி அடிக்கும். தனியார் மருத்துவமனையும் "போலீஸ் கேஸ், நாங்க தொடமாட்டோம்" என்று சொல்லக்கூடாது. உயிரைக் காப்பதுதான் முதல் வேலை என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989லேயே சொல்லிவிட்டது.

ஆன்லைனில் பணம் போயிருந்தால் கதை வேறு. எதையும் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். பணம் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு.

சி.எஸ்.ஆர். வேறு, எப்.ஐ.ஆர். வேறு

இதில்தான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மனுவை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் எண் போட்டு ஒரு ரசீது தருவார்கள், அது சி.எஸ்.ஆர். உங்கள் மனு வந்து சேர்ந்தது, விசாரிக்கப் போகிறார்கள் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. வழக்கு பதிவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சி.எஸ்.ஆர். தாளை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு "கேஸ் நடக்குது" என்று ஒரு வருடம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். வழக்கு என்பது எப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை போட்ட பிறகுதான். அதில் குற்ற எண் இருக்கும், பிரிவுகள் இருக்கும், ஒரு பிரதி நீதிமன்றத்துக்குப் போகும். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும் என்கிறது பிரிவு 173. நகலுக்குக் காசு கேட்டால் அது சட்டப்படி கேட்கிற காசு இல்லை.

போலீஸ் தானாக வழக்குப் போட்டு விசாரிக்கக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் சொன்னது. வண்டித் திருட்டு, வழிப்பறி, பாலியல் குற்றம், ஆயுதத்தால் தாக்கியது எல்லாம் இந்த வகை. புதிய சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதி வாங்கி, 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை ஒன்றை முடித்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். ஆக, "விசாரிச்சுட்டு இருக்கோம்" என்ற பதிலுக்கும் ஒரு கெடு உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைப் புகார்களில் அந்த முதல்கட்ட விசாரணையே தேவையில்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 18ஏ இதைத் தெளிவாகச் சொல்கிறது.

"இது எங்க லிமிட் இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்பது இன்னொரு வழக்கமான பதில். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்யலாம், அவர்கள் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பவேண்டும். ஜீரோ எப்.ஐ.ஆர். என்பது இதுதான். ஆன்லைனிலும் புகார் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவாகும். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சி.எஸ்.ஆர். நிலையைப் பார்க்கலாம், எப்.ஐ.ஆரையும் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளின் எப்.ஐ.ஆர். மட்டும் அங்கே இருக்காது. ஆர்.சி. புத்தகமோ சர்டிபிகேட்டோ தொலைந்துபோயிருந்தால் ஸ்டேஷனுக்கு அலையவே வேண்டாம், அதே தளத்தில் ஆவணம் தொலைந்த அறிக்கையை வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாப் பிரச்சினைக்கும் போலீஸ் வழியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைமாற்றுக் கொடுத்த பணம், பாகப்பிரிவினை, வாடகை அட்வான்ஸ் எல்லாம் பொதுவாக சிவில் விவகாரம். செக் திரும்பினால், பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும், அது கிடைத்த பிறகு 15 நாள் அவகாசம், அப்போதும் பணம் வரவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் நேராக நீதிமன்றத்தில் வழக்கு, ஸ்டேஷனில் எந்த வேலையும் இல்லை. இப்படிப்பட்ட பணத் தகராறில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இத்தனை தேதிக்குள் கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதி வாங்குவது கட்டப் பஞ்சாயத்து. உங்களுக்குச் சாதகமாக நடந்தாலும் அதை நம்பாதீர்கள், அதற்குச் சட்ட பலம் கிடையாது. உங்களுக்கு எதிராக நடந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் எந்த நிலையிலும் போடாதீர்கள்.

வாங்க மறுத்தால்

சத்தம் போடுவதில் பயனில்லை. அன்றைக்கே அதே புகாரை, "இன்ன தேதி இத்தனை மணிக்கு இந்த ஸ்டேஷனில் கொடுத்தேன், வாங்கவில்லை" என்று ஒரு பத்தி சேர்த்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாக இருந்தால் கமிஷனருக்கு, தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். பிரிவு 173(4) சொல்கிற வழி இதுதான். எஸ்.பி. அலுவலகத்தில் குறைதீர்ப்பு நாளில் நேரில் கொடுப்பதும் நல்லதே, பெரும்பாலான மாவட்டங்களில் புதன்கிழமை நடக்கும். ஆனால் நேரில் கொடுத்தாலும் தபாலையும் விடாதீர்கள். அந்த ஒப்புகை அட்டை அடுத்த படிக்கு வேண்டும்.

அடுத்த படி நீதித்துறை நடுவர், அதாவது மாஜிஸ்திரேட். ஸ்டேஷனில் கொடுத்ததற்கும் எஸ்.பி.க்கு அனுப்பியதற்கும் ஆதாரத்தை இணைத்து, பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட்டால், வழக்குப் பதிந்து விசாரிக்கும்படி நடுவர் உத்தரவிடலாம், அது பிரிவு 175(3). இந்த இரண்டு ஆதாரமும் இல்லாமல் நேராக நடுவரிடம் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். ரசீது ரசீது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், உதவி எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் கிடைக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டம் இது. எவ்வளவோ பெண்கள் தாலியை அடகு வைத்து வக்கீல் பீஸ் கட்டுகிறார்கள், இப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லுங்கள்.

கொடுத்த மனு என்ன ஆனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வரவேண்டும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "என் மனு எண், யாரிடம் விசாரணைக்கு ஒப்படைக்கப்பட்டது, எந்தத் தேதியில், அதன் மீது எழுதப்பட்ட அறிக்கையின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள்.

உங்களைக் கூப்பிட்டால்

போனில் "ஸ்டேஷனுக்கு வா" என்றால் என்ன விஷயம், எந்த மனு, சி.எஸ்.ஆர். எண் என்ன, கூப்பிடுகிற அதிகாரி யார் என்று கேளுங்கள், மரியாதையாகத்தான் கேளுங்கள். சாட்சியாகக் கூப்பிடுவதென்றால் எழுத்தில் சம்மன் தரவேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கவேண்டும் என்கிறது பிரிவு 179. ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவை அழைத்துவரச் சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். சாட்சியிடம் விசாரித்து எழுதுகிற வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடவேண்டியதும் இல்லை.

அதே சமயம் எழுத்தில் சம்மன் வந்தால் போகவேண்டும். அது உங்கள் கடமை. போகாமல் ஒளிந்தால் உங்கள் பக்கம் நியாயமிருந்தாலும் கெட்டுப்போகும்.

கைது என்று வந்துவிட்டால் நினைவில் வைக்கவேண்டியவை கொஞ்சம்தான். எதற்காகக் கைது என்று சொல்லவேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். நீங்கள் சொல்கிற உறவினருக்கோ நண்பருக்கோ எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தகவல் போகவேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் பக்கத்தில் உட்காரவைக்க மட்டும் முடியாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும். பொழுது சாய்ந்த பிறகு விடியும் வரை பெண்களைக் கைது செய்யக்கூடாது. மிகவும் தவிர்க்கமுடியாத நிலையில், நடுவரின் முன் அனுமதியோடு பெண் அதிகாரிதான் செய்யலாம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றத்துக்கு ஆதாரமாக வைக்க முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும், மிரட்டலுக்குப் பணிந்துவிட்டோமே என்று உடைந்துபோக வேண்டியதில்லை.

அடித்திருந்தால் ரிமாண்டுக்கு முன் பரிசோதிக்கிற டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்து நடுவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துப்போகப்பட்ட தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்தார்கள். டாக்டரையும் நடுவரையும் தாண்டித்தான் அவர்கள் சிறைக்குப் போனார்கள். அந்த இரண்டு இடத்திலும் வெளியே நிற்கிற குடும்பத்தாரும் வக்கீலும் விடாமல் பேசவேண்டும்.

நம் பக்கத்துக் கடமை

பொய்ப் புகார் கொடுக்காதீர்கள், கொடுப்பவருக்கு உடந்தையாகவும் போகாதீர்கள். அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் பி.என்.எஸ். 217படி ஓராண்டு வரை சிறை. சொத்துத் தகராறில் வலு சேர்க்க இல்லாத அடிதடியை எழுதுவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது, அதனால்தான் நிஜமாக அடிபட்டு வருகிறவரையும் ஸ்டேஷனில் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் சொல்லியே ஆகவேண்டும். போக்சோ சட்டத்தில் தெரிந்தும் மறைப்பதே குற்றம், "குடும்ப மானம்" என்று மூடிவைக்கச் சொல்கிற பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசலாம். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போக வேண்டியதில்லை, சீருடை இல்லாமல் வீட்டுக்கு வந்து விசாரிக்கவேண்டும்.

ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கப் பயப்படாதீர்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த பிரிவு 134ஏ உங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கிளம்பலாம்.

எப்.ஐ.ஆர். போட்ட பிறகு

குற்ற எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவேண்டும், பிரிவு 193. வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். ஒருநாள் நோட்டீஸ் ஒன்று வரலாம், வழக்கில் மேல் நடவடிக்கை இல்லை, முடித்துவிட்டோம் என்று. ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்பார்கள். பலர் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. அந்த முடிவில் உடன்பாடு இல்லை என்று நீதிமன்றத்தில் ஆட்சேப மனு போடலாம், நடுவர் ஏற்றால் மேல் விசாரணைக்கு உத்தரவிடுவார். அதனால் நோட்டீஸ் வாங்கும்போது வாங்கிய தேதியை எழுதி அதன் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஏற்கனவே டைப் செய்த வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அடித்துவிட்டு, ஆட்சேபணை உண்டு என்று உங்கள் கையால் எழுதுங்கள். வண்டித் திருட்டில் மட்டும் "கண்டுபிடிக்க இயலவில்லை" என்ற அந்த அறிக்கை உங்களுக்கே வேண்டும், அது இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது. அதையும் கேட்டு எழுதிக் கொடுங்கள், ரசீதோடு.